தனியாகத் தூக்கி நிறுத்த முடிகிற வண்டி

கடிதம் எழுதியவர் குமரி மாவட்டத்தின் மலையோரப் பகுதியில் வசிக்கும் 34 வயது பள்ளி ஆசிரியை. ஊரையும் பள்ளியையும் விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. சின்ன வயதில் விடியற்காலையில் அப்பாவின் டி.வி.எஸ். 50-ல் பின்னால் உட்கார்ந்து தோட்டத்துப் பாதைகளில் போனது இன்றும் மனதைவிட்டுப் போகவில்லை என்கிறார். பத்து வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறார். அண்ணன் வெளிநாடு போகும்போது வீட்டில் விட்டுப்போன ஸ்ப்ளெண்டரிலும் கொஞ்சம் பழகியிருக்கிறார். சனி, ஞாயிறில் மலையடிவார மண்பாதைகளுக்கும், லீவில் பன்னிரண்டு வயது மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு குற்றாலம், வால்பாறை என்று போய்வரவும் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வேண்டும் என்பது ஆசை. உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 54 கிலோ, கையில் ஒன்றரை லட்ச ரூபாய்.

வளைகுடாவில் இருக்கும் அண்ணன், "வாங்கினா பெரிசா வாங்கு, மீதிப் பணம் நான் தாறேன்" என்று 450 சி.சி. வண்டியைக் காட்டுகிறார். கணவர், "உனக்குக் கால் எட்டாது, ஸ்கூட்டரே போதும்" என்கிறார். இதற்கிடையே பாறசாலைப் பக்கம் தெரிந்தவர் மூலமாக, 2022-ல் வாங்கிய கேரளப் பதிவு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி மோட்டார் சைக்கிள் ஒன்று 95,000 ரூபாய்க்கு வருகிறது. "ஆர்.சி. முதல் ஆள் பெயரில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பேப்பர் தருகிறார்கள். இன்சூரன்ஸ் 2027 வரை இருக்கிறதாம். சைலன்சர்கூட மாற்றி நல்ல சத்தமாக இருக்கிறது. வாங்கலாமா? காட்டுப் பாதையில் ஓட்ட யாரிடமாவது கேட்க வேண்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள டீச்சர்,

நாகர்கோவிலில் பல வருடமாக மோட்டார் விபத்து வழக்குகள் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஒரு 200 சி.சி. வண்டியில் நீங்கள் சொல்லும் அதே பக்கத்துப் பாதைகளில் போகிறவன். அதனால் உங்கள் கேள்வியை வக்கீலாகவும் படித்தேன், ஓட்டுகிறவனாகவும் படித்தேன். இரண்டு பேருக்கும் தோன்றிய பதில் ஒன்றுதான். விழுந்தால் நீங்கள் ஒருவராகவே தூக்கி நிறுத்த முடிகிற, உங்கள் பெயரில் ஆர்.சி. இருக்கிற வண்டியை வாங்குங்கள். சி.சி. கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

வண்டியைப் பற்றிப் பேசும் முன் உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். ஸ்கூட்டருக்காக எடுத்த லைசென்ஸ் என்றால் அதில் 'கியர் இல்லாத இருசக்கர வாகனம்' என்று மட்டும் இருக்கலாம். நம் ஊரில் நிறைய பெண்களுக்கு அப்படித்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு கியர் வண்டி ஓட்டி விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடம் திரும்ப வசூலிக்க வரும். கியர் வாகனப் பிரிவைச் சேர்க்க எல்.எல்.ஆர். போட்டு, டெஸ்ட் கொடுத்தால் முடிந்தது. இதை முடிக்காமல் எந்த வண்டிக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

எத்தனை சி.சி. வேண்டும்?

தூரம் போகப் பெரிய எஞ்சின் வேண்டும் என்று உங்கள் அண்ணன் நினைப்பதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. நாலுவழிச்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் நாள் முழுக்கப் போகிறவருக்கு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 மாதிரி வண்டி அருமையானது. 40 குதிரைத்திறன் இருக்கிறது. ஆனால் எடை 196 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் சுமார் 19 குதிரைத்திறன்தான், எடை 158 கிலோ. இடையிலுள்ள 38 கிலோ, சிமென்ட் மூட்டையில் முக்கால் மூட்டை. தார் ரோட்டில் அந்த வித்தியாசம் தெரியாது. சரல்மண் சரிவில், ரப்பர் இலையின்மேல், வண்டி படுத்துக் கிடக்கும்போதுதான் தெரியும்.

போன தை மாதம், தெரிந்தவர் ஒருவரின் ரப்பர் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், ஏறிக்கொண்டிருந்தேன். இலை உதிர்கிற காலம். காய்ந்த இலை கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது, அதற்குக் கீழே உருண்டைச் சரல். முன் சக்கரம் வழுக்கியதும் வண்டி வலப்பக்கம் மெல்லப் படுத்துவிட்டது. எனக்கு அடியில்லை. பக்கத்தில் ஆளும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. அந்த இடத்தில் 158 கிலோவைத் தூக்க எனக்கு மூன்று முறை ஆனது. இன்னொரு நாற்பது கிலோ கூடுதலாக இருந்திருந்தால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ரோட்டுக்கு நடந்திருப்பேன்.

தூக்குவதற்கு முறை இருக்கிறது. கையால் இழுத்தால் முதுகு போகும். எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போடுங்கள். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலில் விரித்துவையுங்கள், இல்லையென்றால் நிமிர்ந்த வேகத்தில் இடப்பக்கம் சாய்ந்துவிடும். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கம் முழுதாகத் திருப்பிக்கொண்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்காருங்கள். ஒரு கை ஹேண்டில் பிடியில், மறுகை பின்னாலுள்ள கைப்பிடிக் கம்பியில். அப்புறம் காலால் தரையை உதைத்துச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் தள்ளுங்கள். 54 கிலோ எடையுள்ளவரால் 158 கிலோ வண்டியை இப்படி நிமிர்த்த முடியும். வாங்கப்போகிற வண்டியை ஒரு பழைய மெத்தைமேல் படுக்கவைத்துச் செய்துபாருங்கள். முடிந்தால் அது உங்கள் வண்டி. முடியாவிட்டால் யார் பணம் கொடுத்தாலும் வேண்டாம்.

தூரப் பயணத்துக்கு 200 சி.சி. போதுமா என்றால், உங்கள் வழிகளுக்குப் போதும். ஆரல்வாய்மொழி தாண்டி பணகுடி, களக்காடு, அம்பாசமுத்திரம், தென்காசி என்று மலையை ஒட்டியே போகிற ரோட்டில் மணிக்கு 60, 70-க்கு மேல் போக மனமே வராது. எக்ஸ்பல்ஸ் 80, 85-ல் நிம்மதியாகப் போகும். அதற்கு மேல் ஐந்து கியர் எஞ்சின் திணறுவது கால்மிதியில் அதிர்வாகத் தெரியும். 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 35 என்று வைத்தாலும் 450 கிலோமீட்டர் வரும். வால்பாறையை ஒரே நாளில் பிடிக்க நினைக்காமல் வழியில் ஒரு இரவு தங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று லேசான, உயரமான வண்டியை ஒரு லேன் தள்ளிவிடும். முப்பந்தல் காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. லாரியைக் கடக்கும்போது காற்று திடீரென நின்று, கடந்ததும் பக்கவாட்டில் அறையும். அந்தப் பத்து கிலோமீட்டரை 50-ல் கடந்துவிடுங்கள், பிடியை இறுக்காமல்.

சுஸுகியின் வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் பற்றியும் யாராவது சொல்லுவார்கள். 249 சி.சி., ஆறு கியர், 167 கிலோ. நெடுஞ்சாலையில் எக்ஸ்பல்ஸைவிட நல்ல வண்டி. டியூப் இல்லாத டயர் என்பதால் பஞ்சரை ரோட்டோரத்திலேயே அடைத்துவிடலாம். எக்ஸ்பல்ஸில் கம்பிச் சக்கரம், டியூப் டயர். சக்கரத்தைக் கழற்றி டியூபை மாற்ற நீங்கள் கற்றுக்கொண்டே ஆகவேண்டும். ஆனால் கல்லும் வேரும் உள்ள பாதையில் 21 அங்குல முன்சக்கரமும் 220 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் செய்கிற வேலையை மற்றது செய்யாது. உங்கள் கடிதத்தில் மண்பாதை முதலில் வருகிறது, வால்பாறை பிறகு வருகிறது. அதோடு வி-ஸ்ட்ரோம் உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே. புது வண்டி எதைப் பார்த்தாலும் ஷோரூம் விலையை விட்டுவிட்டு ஆன்-ரோடு விலையைக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். அண்ணனிடம் இதையும் சொல்லலாம்.

கால் எட்டுமா?

உங்கள் கணவர் சொல்வது அளவில் சரி, முடிவில் தவறு. எக்ஸ்பல்ஸின் சீட் 825 மில்லிமீட்டர் உயரம். ஸ்ப்ளெண்டர் 785. உங்கள் உயரத்துக்கு இரண்டு பாதமும் முழுதாகப் பதியாது. பதிய வேண்டிய அவசியமும் இல்லை. நிறுத்தும்போது சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து, ஒரே காலை நன்றாக ஊன்றினால் போதும். மற்ற கால் பிரேக்கில் இருக்கட்டும். சரிவான இடத்தில் மேட்டுப் பக்கக் காலைத்தான் ஊன்ற வேண்டும். பள்ளத்துப் பக்கம் ஊன்றப்போய் விழுகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். ஆனால் 'புரோ' என்று வரும் 891 மில்லிமீட்டர் மாடல் உங்களுக்கு வேண்டாம்.

இதைக் கற்றுக்கொள்ளப் புது வண்டியும் வேண்டாம். வீட்டில் நிற்கிறதே ஸ்ப்ளெண்டர், 112 கிலோ, அதில் மூன்று மாதம் பழகுங்கள். காலை நடைக்காரர்கள் போனபிறகு சானல்கரை (கால்வாய்க்கரை) மண்பாதையில் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று ஓட்டிப் பாருங்கள். முழங்கால் வண்டியை மெல்ல அணைக்க வேண்டும், பார்வை சக்கரத்தில் இல்லாமல் நன்றாக முன்னால் இருக்க வேண்டும். மண்பாதையில் வண்டியைக் காப்பாற்றுவது இந்தப் பழக்கம்தான். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: வண்டி அண்ணன் பெயரில் இருப்பதால், அதன் பாலிசியிலுள்ள உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு உங்களுக்கு இல்லை. உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிட்டுப் பழகுங்கள்.

அந்தக் கேரள வண்டி

இங்கேதான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். அந்த வண்டி மோசம் என்று சொல்லவில்லை. அதைச் சுற்றிச் சொல்லப்பட்ட மூன்று வாக்கியங்களிலும் சிக்கல் இருக்கிறது.

'கையெழுத்துப் போட்ட பேப்பர்' என்பது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-ம் 30-ம். அது உங்கள் கையில் இருப்பதால் நீங்கள் உரிமையாளர் ஆகிவிட மாட்டீர்கள். சட்டத்தின் கண்ணில் ஆர்.சி.-யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். கைமாறிக் கைமாறிப் போன வண்டி விபத்தில் சிக்கினாலும் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு உரிமையாளருக்கே என்று 2018-ல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியென்றால் ஆபத்து விற்றவருக்குத்தானே என்று தோன்றும். அது பாதிதான். விபத்துக்குப் பிறகு போலீஸ் வண்டியை எடுத்துப்போனால் நீதிமன்றத்திலிருந்து மீட்க ஆர்.சி.காரர் வர வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்கு விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம். என்னிடம் வந்த ஒருவருடைய வண்டி இந்த ஒரே காரணத்தால் ஸ்டேஷன் வளாகத்தில் இரண்டு மழைக்காலம் நனைந்தது.

'இன்சூரன்ஸ் 2027 வரை' என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் அது எந்த இன்சூரன்ஸ்? புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கானது, ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் நடைமுறை. 2022-ல் வாங்கிய வண்டிக்கு 2027 வரை இருப்பது அதுதான். வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீடு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. அது எப்போதோ முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் பின்னால் உட்காருபவருக்கு அது பொருந்தாது என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. டீச்சர், பின்னால் உட்காரப்போவது உங்கள் மகள். எதிரே வந்த லாரியின்மேல் தவறு என்றால் லாரியின் இன்சூரன்ஸ் கொடுக்கும். சரலில் நீங்களே வழுக்கி விழுந்தால்? அதற்குத்தான் முழுக் காப்பீடு என்னும் பேக்கேஜ் பாலிசி. அதை உங்கள் பெயரில் எடுங்கள். கூடவே உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் இருக்கட்டும். அது பதிவு உரிமையாளருக்கு மட்டுமே கிடைக்கும். வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கூடவே வரும். சொந்தச் சேதக் காப்பீடு அப்படி வராது. 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, சைலன்சர். கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. பழைய சைலன்சரை மாட்டித் தந்தால்தான் வாங்குவேன் என்று சொல்லுங்கள். சத்தம் குறைவான வண்டிக்கு மலையோரத்தில் வேறொரு நன்மையும் உண்டு, கீழே வருகிறேன்.

இவ்வளவும் சரியாக வருமானால் வாங்கலாம். வரிசை இது: முதல் உரிமையாளரையே நேரில் பாருங்கள். ஆர்.சி.-யில் கடன் பதிவு இருந்தால் படிவம் 35 போட்டு நீக்கச் சொல்லுங்கள். நிலுவைச் சலான்களை அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பாருங்கள். கேரள ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வந்தபிறகுதான் முழுப் பணம். அப்புறம் இங்கே, உங்கள் பகுதிக்கு டி.என். 75 மார்த்தாண்டம் அலுவலகம் என்று நினைக்கிறேன், தமிழ்நாட்டு ஆயுள்வரி கட்டிப் புது எண் வாங்க வேண்டும். 'பார்டர்தானே, யாரும் கேட்கமாட்டார்கள்' என்பார்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். வரியையும் செலவையும் 95,000-த்தோடு கூட்டிப் பாருங்கள். இந்த மாவட்டத்திலேயே, ஒரே உரிமையாளரிடமிருந்து, பத்தாயிரம் கூடுதலாக ஒரு வண்டி கிடைத்தால் அதுதான் மலிவு.

காட்டுப் பாதைக்கு யாரிடம் கேட்பது?

சின்ன வயதில் அப்பாவோடு போன பாதைதானே என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா வேலைக்காக, தோட்டத்து ஆளாகப் போனார். இன்று நிலைமை வேறு. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர், மாவட்டப் பரப்பில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27-வது பிரிவின்படி, பொது நெடுஞ்சாலையில் கடந்துபோகிறவர், உள்ளே நிலம் உள்ளவர், அனுமதிச்சீட்டு உள்ளவர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. மீறினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. வண்டியையும் பறிமுதல் செய்யலாம். 'பைக் தடம் இருக்கிறதே, பலரும் போகிறார்களே' என்பது எந்த நீதிமன்றத்திலும் பதிலாகாது. வனத்துறையே நடத்தும் 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகள் நடந்து போகிறவர்களுக்கு மட்டும்.

தண்டனைக்காக மட்டும் சொல்லவில்லை. கோதையாற்றுக்கு மேலே யானைகள் நடமாடும் இடம். 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற காட்டுயானையைக் கொண்டுவந்து விட்டதும் மேல் கோதையாற்றுப் பக்கம்தான். வளைவில் யானை நின்றால் மண்பாதையில் வண்டியைத் திருப்ப உங்களுக்கு நேரம் இருக்காது. காணி பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் அங்கே இருக்கின்றன. அவர்கள் வாசலில் சைலன்சர் சத்தத்தோடு போக நமக்கு உரிமையில்லை.

அதனால் பாதை இல்லை என்று அர்த்தமில்லை. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை, தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறை என்று பஸ் போகிற ரோடுகள் இருக்கின்றன. செக்போஸ்ட் வந்தால் நின்று கேளுங்கள், திரும்பச் சொன்னால் திரும்புங்கள். சானல்கரைகள், குளத்துக்கரைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட, தனியார் ரப்பர் விளைகள் இருக்கின்றன. உரிமையாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டாலும் போதும், ஆனால் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். கேட்காமல் நுழைந்தால் அது அத்துமீறல். ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முட்டிக்காப்பு, இவை உங்களுக்கு. ஹெல்மெட் மகளுக்கும், அவள் தலை அளவில். பெரியவர்கள் ஹெல்மெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால் விழும்போது கழன்றுவிடும்.

முதல் விளையைத் தேட நீங்கள் தூரம் போக வேண்டாம் என்று நினைக்கிறேன். அப்பா வெட்டிய தனியார் தோட்டம் எதுவோ, அங்கே இப்போது பொறுப்பில் இருக்கிறவரைப் போய்ப் பாருங்கள். யாருடைய மகள் என்று சொன்னால் மறுக்கமாட்டார்கள். விடியற்காலையில் மட்டும் போகாதீர்கள். தலையில் விளக்கு கட்டிக்கொண்டு ஆட்கள் வெட்டிக்கொண்டிருப்பார்கள், சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருக்கும். பால் எடுத்து அவர்கள் இறங்கியபிறகு, முதல் கியரில், மெதுவாக ஏறுங்கள்.